சாமியாராகப் போவது: குருத்துவ அழைத்தல் என்றால் என்ன?

மே மாதம். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்: "அந்த வீட்டுப் பையன் சாமியாருக்குப் போறானாம்." உடனே ஆளுக்கு ஒரு விளக்கம். "கொடுத்து வைத்த குடும்பம்" என்பார் ஒருவர். "என்ன, காதல் தோல்வியா?" என்பார் இன்னொருவர். சோற்றுக்கும் வேலைக்கும் இனிக் கவலையில்லை என்று கணக்குப் போடுவார் மூன்றாமவர். பிள்ளை வரம் கேட்டு வேளாங்கண்ணியில் அவன் அம்மா நேர்ந்துகொண்டதை நினைவுபடுத்துவார் ஒரு பாட்டி.

நான்கு விளக்கமும் பையனையும் அவன் வீட்டையும் சுற்றியே நிற்கின்றன. அவன் யாருக்காகப் போகிறான் என்ற கேள்வி ஒன்றிலும் இல்லை. கத்தோலிக்கக் குருத்துவம் புரிய வேண்டுமானால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும்.

## வீட்டுக் கிணறும் ஊர்க் கிணறும்

வீட்டுக்குள் தோண்டிய கிணறும் தெருமுனையில் இருக்கும் பொதுக்கிணறும் ஒரே நிலத்தடி நீரைத்தான் தருகின்றன. வீட்டுக் கிணற்றுக்கு இரவில் கதவைச் சாத்தலாம். பொதுக்கிணற்றுக்குக் கதவு கிடையாது. (பொதுக்கிணறு என்று பெயர் வைத்துவிட்டுச் சிலரைக் கயிறு போட விடாமல் தடுத்த வரலாறும் நமக்கு உண்டு. அதைப் பின்னால் பேசியே ஆக வேண்டும்.)

திருமணமானவரின் அன்பு முதலில் மனைவி மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் கடவுள் தந்த அழைத்தல்தான், குறைந்தது அல்ல. குருவானவரோ தன் அன்பைத் தெருமுனையில் வைத்துவிடுகிறார். எந்த ஊருக்கு அனுப்பப்படுகிறாரோ அந்த ஊரில் யார் வந்தாலும் அவருக்குச் சேர வேண்டியது அது. இதைத் திருச்சபை 'மேய்ப்புப்பணி அன்பு' என்று சொல்கிறது. ஆட்டுக்காக மேய்ப்பர் இருக்கிறார், மேய்ப்பருக்காக ஆடு இல்லை என்ற எண்ணம்தான் அதன் வேர். யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார்: என்மேல் அன்பு இருக்கிறதா? உண்டு என்ற பதில் வந்த ஒவ்வொரு முறையும் கிடைத்தது பட்டமோ பதவியோ அல்ல, ஆடுகளைப் பார்த்துக்கொள் என்ற வேலை.

குருத்துவம் ஓர் அருளடையாளம். கண்ணுக்குத் தெரியும் ஒரு செயலின் வழியாகக் கடவுளின் அருள் செயல்படுவதையே அருளடையாளம் என்கிறோம். கத்தோலிக்கத் திருச்சபையில் அவை 7. குருத்துவம் என்ற ஓர் அருளடையாளத்துக்குள் மூன்று படிகள் உண்டு: திருத்தொண்டர், அருள்பணியாளர், ஆயர் (பிஷப்). நாம் 'ஃபாதர்', 'சாமி' என்று கூப்பிடுபவர் நடுப்படியில் இருப்பவர். திருத்தொண்டர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருமணத்தை நடத்திவைக்கலாம், அடக்கச் சடங்கை நடத்தலாம், மறையுரை ஆற்றலாம். திருப்பலி (பூசை) நிறைவேற்றவும், பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கவும், நோயில்பூசுதல் கொடுக்கவும் குருவானவர் வேண்டும்.

இதுவரை சொன்னது: குருத்துவம் ஓர் அருளடையாளம். அது வாங்குபவருக்காகத் தரப்படுவதில்லை, அவர் சென்று சேரும் மக்களுக்காகத் தரப்படுகிறது.

## அழைப்பு எப்படிக் கேட்கும்?

வானத்திலிருந்து குரல் வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. விவிலியத்தில் சாமுவேலுக்கு உண்மையிலேயே குரல் கேட்டது. மூன்று முறை கேட்டும் அது கடவுள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏலிதான் கூப்பிடுகிறார் என்று அவரிடமே எழுந்து ஓடினான். முதிர்ந்த அந்தக் குருதான் கடைசியில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இனிக் கூப்பிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். குரல் ஒருவருக்கு வந்தாலும் அடையாளம் காண இன்னொருவர் தேவைப்பட்டார்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டால் மட்டும் போதுமா? பெண்ணுக்கும் பிடிக்க வேண்டும். குருத்துவ அழைத்தலும் அப்படியே. இளைஞனின் உள்ளே நிலைத்து நிற்கும் ஒரு விருப்பம் ஒரு பாதி. திருச்சபை அவனைச் சோதித்துப் பார்த்து 'வா' என்று கூப்பிடுவது மறுபாதி. ஆயர் கூப்பிடாமல் யாரும் குருவாக முடியாது, நான் தகுதியானவன் என்று உரிமை கொண்டாடவும் முடியாது. அந்த இளைஞன் மனமார விரும்பாமல் அவனைக் குருவாக்கவும் கூடாது. இந்த இரண்டு பாதியும் பொருந்துகின்றனவா என்று பொறுமையாகப் பார்ப்பதற்குப் பெயர் 'தேர்ந்து தெளிதல்'.

நேர்த்திக்கடன் விஷயத்தில் தெளிவு வேண்டியது இங்கேதான். பிள்ளையைக் கடவுளுக்குக் கொடுக்க நினைக்கும் தாயின் பக்தி பெரியது. ஆனால் அந்த வாக்கு அவர் பிள்ளையைக் கட்டாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது: எந்தக் காரணத்துக்காகவும் எந்த வழியிலும் ஒருவரைக் குருப்பட்டம் பெறக் கட்டாயப்படுத்தக் கூடாது. பட்டத்துக்கு முன் அந்த இளைஞன், முழு விருப்பத்தோடு, வாழ்நாள் முழுவதும் இப்பணிக்குத் தன்னைக் கொடுக்கிறேன் என்று தன் கைப்படவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்பா எழுதிக் கொடுத்தாலோ, தட்டச்சு செய்த தாளில் கையெழுத்து மட்டும் போட்டாலோ செல்லாது.

எந்த விருப்பத்தை நம்பலாம்? அனுபவமுள்ள அருள்பணியாளர்கள் பார்ப்பது சில எளிய விஷயங்களை. விருப்பம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்கிறதா, அல்லது ஒரு தியானக் கூட்டத்தின் சூட்டில் வந்து மறுவாரமே ஆறிவிடுகிறதா? பீடத்தில் நிற்க ஆசையா, பீடத்தை விட்டு இறங்கிய பிறகு நடக்கும் வேலையிலும் ஆசையா? வீட்டில் வயதான பாட்டிக்குச் சலித்துக்கொள்ளாமல் பணிவிடை செய்கிற பையனா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான்.

## நாற்றங்கால்

குருமடத்துக்கு லத்தீனில் வழங்கும் பெயரின் நேர்ப்பொருள் நாற்றங்கால். 1563இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம், குருக்களை முறையாகப் பயிற்றுவிக்க ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) குருமடம் வேண்டும் என்று விதித்தபோது இந்தப் பெயர் நிலைத்தது. விவசாயக் குடும்பத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இளநாற்றை அவசரமாகப் பிடுங்கி நட்டால் தண்ணீரில் சாயும். நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் முற்றிப்போய்த் தூர் கட்டாது. பருவம் பார்த்து எடுக்க வேண்டும், எடுப்பதும் வயலுக்காகத்தான்.

நடைமுறை இப்படிப் போகும். விருப்பமுள்ள இளைஞன் முதலில் தன் பங்கின் (ஊர்க் கோவிலைச் சேர்ந்த சமூகத்தின்) பொறுப்புக் குருவான பங்குத்தந்தையிடம் பேசுவான். மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் பெரும்பாலும் கோடை விடுமுறையில் இறையழைத்தல் முகாம் நடத்துகின்றன. சில நாள் தங்கிப் பார்க்கலாம். சேர்வதற்கு ஞானஸ்நானச் சான்றும் உறுதிபூசுதல் சான்றும் கட்டாயம், அதோடு பங்குத்தந்தையின் கடிதமும் படிப்புச் சான்றிதழ்களும் கேட்பார்கள். வேறு குருமடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர் என்றால் ஏன் அனுப்பப்பட்டார் என்பதற்கு அந்தக் குருமடத்திலிருந்து விளக்கம் வர வேண்டும். பள்ளி வயதுப் பையன்கள் இளங்குருமடத்தில் தங்கிப் படிப்பார்கள்; கல்லூரி முடித்தோ வேலைக்குப் போய்விட்டோ வருபவர்களும் உண்டு.

பிறகு முன்தயாரிப்புக் காலம், ஓராண்டுக்குக் குறையாமல் இரண்டாண்டுக்கு மிகாமல். அடுத்து மெய்யியல்: உண்மை, நன்மை, மனிதன் போன்ற அடிப்படைக் கேள்விகளை அறிவால் ஆராயும் படிப்பு, குறைந்தது 2 ஆண்டு. அதன்பின் இறையியல்: விவிலியமும் திருச்சபையின் போதனையும் வழிபாடும் ஒழுக்கமும் சட்டமும், குறைந்தது 4 ஆண்டு. நம் நாட்டில் இவற்றுக்கு நடுவே பங்கிலோ பள்ளியிலோ ஓராண்டு களப்பயிற்சியும் இருக்கும். கூட்டினால், பிளஸ் டூ முடித்துப் போகிற பையன் குருவாக ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். இயேசு சபை போன்ற துறவற சபைகளில் இன்னும் கூடும். குருப்பட்டம் பெற 25 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இத்தனை ஆண்டும் பாடப்புத்தகத்துக்காக மட்டும் அல்ல. 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ஆவணம் குருமாணவரின் உருவாக்கத்தில் நான்கு பக்கங்களைக் காட்டுகிறது: மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி. அடித்தளம் மனிதப் பண்பு என்று அது அழுத்திச் சொல்கிறது. கோபத்தை அடக்கத் தெரியாதவர், பெண்களிடம் இயல்பாகவும் மரியாதையாகவும் பழகத் தெரியாதவர், தவறைச் சுட்டினால் முகம் சுளிப்பவர் எவ்வளவு இறையியல் படித்தாலும் மக்களுக்கு முள்ளாகத்தான் இருப்பார்.

வெளியே பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இங்கே உண்டு. குருமடத்தில் அதிபர் வேறு, ஆன்மகுரு வேறு. அதிபர் பையனின் நடத்தையைப் பார்த்து ஆயருக்கு அறிக்கை தருபவர். ஆன்மகுரு அவன் மனத்திறப்பைக் கேட்டு வழிகாட்டுபவர். ஒருவரைப் பட்டத்துக்கு அனுப்பலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது ஆன்மகுருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்பவரின் கருத்தையோ கேட்கவே கூடாது என்கிறது சட்டம். காரணம் எளிது: சொன்னால் பெயர் கெடும் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தன் போராட்டங்களை ஒளித்துக்கொண்டே பட்டம் வரை போவதைவிடப் பெரிய ஆபத்து குருமட வாழ்வில் இல்லை.

இதுவரை சொன்னது: அழைத்தல் என்பது உள்விருப்பமும் திருச்சபையின் அழைப்பும் சேர்ந்தது. இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கும் இடம் குருமடம்.

## திரும்பி வருகிறவர்

சிலர் இடையில் திரும்பி வருவார்கள். தாமே முடிவெடுத்து வருபவர் உண்டு, அனுப்பப்படுபவர் உண்டு. ஊரோ அவர் பெயருக்கு முன்னால் "சாமியாருக்குப் போய்ட்டு வந்தவன்" என்று ஒட்டிவிடுகிறது. பெண் கேட்கப் போகும் இடம் வரை அது கூடவே போகிறது. இது பெரிய அநியாயம். தேர்ந்து தெளிதல் உண்மையானதென்றால் 'இல்லை' என்ற பதிலுக்கும் அதில் இடம் இருந்தாக வேண்டும். திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர் அதைக் குருமடத்தில் கண்டுகொண்டால் குருமடம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஊர்ப்பேச்சுக்குப் பயந்து திரும்பாமல் பட்டம் வாங்கியவர்தான் பின்னாளில் தானும் நொந்து பங்கையும் நோகடிக்கிறார். வீட்டில் ஒரு பையன் குருமடத்தில் இருந்தால் பெற்றோர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: "எப்போ வந்தாலும் இது உன் வீடுதான்டா." அந்த வார்த்தையைக் கேட்டவன்தான் தங்கினாலும் சுதந்திரமாகத் தங்குவான்.

## பட்டம் நடக்கும் நாள்

பட்டத்துக்கு முன் குறைந்தது ஐந்து நாள் தியானம். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதைப் போல, சொந்தப் பங்கில் இவருடைய பெயரையும் கோவிலில் அறிவித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லும்படி கேட்கும் வழக்கமும் உண்டு. திருத்தொண்டராகிக் குறைந்தது ஆறு மாதம் கழிந்திருக்க வேண்டும்.

வழிபாட்டில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து முன்னால் வருவார். ஆயரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, தன் இரண்டு கைகளையும் கூப்பி ஆயரின் கைகளுக்குள் வைத்துக் கீழ்ப்படிதல் வாக்குக் கொடுப்பார். பிறகு தரையில் முகம் பதித்து நெடுஞ்சாண்கிடையாகப் படுத்திருக்க, புனிதர்களின் மன்றாட்டுமாலையைக் கோவில் முழுவதும் பாடும். அது முடிந்ததும் பாட்டு, மைக், மேளம் எல்லாம் நின்றுவிடும். ஆயர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தலைமேல் கைகளை வைப்பார். தொடர்ந்து வந்திருக்கும் குருக்கள் ஒவ்வொருவராக வந்து கை வைப்பார்கள். ஆயர் இப்படி மௌனமாகக் கைகளை வைப்பதும் அதையடுத்து அவர் சொல்லும் திருநிலைப்பாட்டு மன்றாட்டும்தான் அருளடையாளத்தின் மையம். புகைப்படம் எடுக்க முண்டியடிப்பவர்கள் அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டால் நல்லது.

பின்பு வருபவை அதன் விளக்கங்கள். திருத்தொண்டராக இடத்தோளிலிருந்து குறுக்காகப் போட்டிருந்த ஸ்டோலா என்ற நீண்ட துணிப்பட்டை இப்போது கழுத்தைச் சுற்றி முன்னால் தொங்கும்படி மாற்றப்படும். உள்ளங்கைகளில் ஆயர் கிறிஸ்மா தைலம் (நறுமணம் கலந்த புனித எண்ணெய்) பூசுவார். மக்கள் கொண்டுவந்த அப்பமும் இரசமும் அவர் கையில் தரப்படும். நீ கொண்டாடுவதற்கு ஏற்ப வாழு, சிலுவையின் வழியில் நட என்று சொல்லித்தான் ஆயர் தருவார். தைலம் பூசிய கையில் முதலில் வைக்கப்படுவது மக்களின் காணிக்கை.

## மணத்துறவும் கீழ்ப்படிதலும்

'ஃபாதர் எல்லாருமே துறவிகள்' என்பது பரவலான குழப்பம். மறைமாவட்டக் குரு தன் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் மணத்துறவையும் ஏற்கிறார். ஏழ்மை என்ற வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்கு) அவருக்கு இல்லை, எளிமையாக வாழும் கடமை உண்டு. இயேசு சபையார், சலேசியர், பிரான்சிஸ்கன் சபையார் போன்ற துறவறத்தாரோ கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்துக் குழுவாக வாழ்பவர்கள். அவர்களுள் குருக்களும் உண்டு, குருவாகாத சகோதரர்களும் உண்டு.

மணத்துறவு என்பது திருமணத்தை இழிவாகப் பார்ப்பது அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையோடு ஒன்றித்திருக்கும் கீழைத் திருச்சபைகள் பலவற்றில், மணமான ஆண்கள் குருக்களாகலாம். லத்தீன் வழிபாட்டு முறையில் இருக்கும் நமக்கு மணத்துறவே விதி. ஊர்க் கிணற்றுக்குக் கதவு வைக்காத அதே காரணம்தான். ஆனால் இதை 'பெண்ணில்லாத வாழ்க்கை' என்று வெறும் இல்லாமையாக மட்டும் வாழ முயன்றால் அது காய்ந்துபோகும். செபம், நல்ல நட்புகள், சக குருக்களோடு உணவும் பேச்சும், ஒழுங்கான தூக்கம் இவை தேவை. பங்கு மக்கள் தங்கள் சாமியாரை ஞாயிறு மதியம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பதற்கு இதில் பெரிய பங்கு உண்டு.

கீழ்ப்படிதலின் எடை மாற்றல் உத்தரவு வரும் நாளில் தெரியும். கோவில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கும். இளைஞர்கள் இப்போதுதான் நெருங்கியிருப்பார்கள். மாற்றல் கடிதம் வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். மக்கள் அழுவார்கள். 'எங்கள் ஃபாதரை மாற்றாதே' என்று போராடுவது அன்புதான், ஆனால் அடுத்த ஊரும் காத்திருக்கிறது.

## அன்பு வேலையாகும் இடம்

பங்கில் ஒரு நாள் எப்படி? அதிகாலைத் திருப்பலி, பகலில் சான்றிதழ், பள்ளிக்கூடம், கல்லறைச் சுவர்த் தகராறு, மாலையில் அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக்குழு). இவற்றைவிட ஒரு நோயாளி அழைப்பில் இப்பணி தெளிவாகத் தெரியும்.

குருவானவர் எடுத்துச் செல்லும் பை சிறியது: நோயாளர் எண்ணெய் உள்ள சிமிழ், நற்கருணைச் சிமிழ் (திருப்பலியில் கிறிஸ்துவின் உடலான அப்பம் இருப்பது), ஸ்டோலா, சடங்குப் புத்தகம். அந்த எண்ணெய் புனித வாரத்தில் ஆயர் மந்திரித்தது. முதலில் பாவசங்கீர்த்தனம், வீட்டார் வெளியே போக வேண்டும். பிறகு தலைமேல் மௌனமாகக் கை வைத்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். விழுங்க முடிந்தால் நற்கருணை. சாகும் தறுவாயில் தரும் நற்கருணைக்கு 'வழியுணவு' என்று பெயர்.

தவறு எங்கே நேர்கிறது தெரியுமா? பழைய 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயர் மனத்தில் ஒட்டிக்கொண்டதால், சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சு வரை தள்ளிப்போடுகிறார்கள். நினைவு தப்பிய பிறகு பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, பேச்சும் இல்லை. உடல்நிலை கடுமையாகும்போதே, பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பே கூப்பிடலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். போனில் சொல்லும்போது நோயாளி பேசுகிறாரா, விழுங்குகிறாரா என்று சொல்லுங்கள். கட்டிலருகே ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் எக்காரணத்துக்காகவும் யாரிடமும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே நேரடியாக அதை மீறும் குரு அந்தக் கணமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார். பூசைக் கருத்துக்கு, அதாவது ஒருவரின் வேண்டுதலுக்காகப் பூசை வைக்க, தரும் காணிக்கை விலை அல்ல; காணிக்கை தர வழியில்லாத ஏழைக்கும் கருத்து வைத்துப் பூசை செய்யும்படி சட்டமே குருக்களை வலியுறுத்துகிறது. ஞாயிறும் கடன் திருநாளும் (பூசை காணக் கடமைப்பட்ட திருநாள்) தன் பங்கு மக்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை, அதற்குக் காணிக்கை கிடையாது.

இந்த அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று காட்ட வேண்டுமானால் புனித ஜோசப் வாஸைச் சொல்லலாம். டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கையின் கத்தோலிக்கர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் குருவின்றித் தவித்தபோது, கோவாவிலிருந்து தூத்துக்குடி வழியாக 1687இல் ஏழைக் கூலி வேடத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். இரவில் வீடுகளில் ஒளிந்து பூசை செய்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி ஊர் கலைந்தபோது அங்கேயே தங்கி, மதம் பார்க்காமல் நோயாளிகளைக் கழுவித் துடைத்தார். 1711இல் கண்டியில் இறந்தார். 2015இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

## கயிறு போட விடாத கிணறு

இனி அந்தப் பொதுக்கிணற்று விஷயம். 'நம்ம ஆள் சாமியாரா வரணும்' என்று சாதி பார்த்துக் கேட்கும் பங்குகள் நம்மிடம் இருக்கின்றன. அதற்கு வளைந்துகொடுக்கும் குருவும் இருக்கிறார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை, திருச்சபைக்குள்ளேயே இந்தப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. தன் சாதிக்கு மட்டும் குருவாக ஒருவர் இருக்க முடியாது; அப்படி இருந்தால் அவர் தன் அருளடையாளத்துக்கே எதிராக வாழ்கிறார்.

அதிகாரமும் அப்படித்தான் கெடும். 'சாமி சொன்னால் கேள்வி கேட்கக் கூடாது' என்ற பழக்கம் நல்ல குருவையும் மெல்லக் கெடுக்கும், தீயவருக்கு மறைவிடமாகும். பங்குப் பேரவையும் நிதிக்குழுவும் கணக்குக் கேட்பது அவமரியாதை அல்ல. சிறுவர்கள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கினார். நம் நாட்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வதும் எல்லாருக்கும் கடமை.

## பதிவேட்டின் கடைசிக் கட்டம்

ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கில் தடித்த பதிவேடு ஒன்று இருக்கும். பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று எழுதி, பிற்காலக் குறிப்புக்கு ஓரிடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தில் யாரை, எந்தக் கோவிலில், எந்த நாளில் மணந்தார் என்ற விவரம் ஏறும். குருவானவருக்குப் பட்டம் பெற்ற நாளும் இடமும் ஏறும். அந்தச் செய்தியை ஞானஸ்நானம் பெற்ற அந்தப் பங்குக்கு எழுதி அனுப்பச் சொல்கிறது சட்டம். அதன்பின் எத்தனை ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும், அம்மா அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கி வந்த நாளுக்குப் பக்கத்தில்.